கூட்டாகவும் தனித்தனியாகவும்

வவின்யா கையால் பேசக் கற்றுக்கொண்ட பிறகுதான் வாயால் பேசக் கற்றுக்கொண்டாள். அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். ஐந்து வயதில் அப்பாவுக்காகக் கடைக்காரனிடம் மாவு விலை பேசியவள், முப்பத்து நான்கு வயதில் அதையே பிழைப்பாக வைத்திருந்தாள். நைரோபிக்குப் பக்கத்தில் ஆத்தி ரிவரிலிருந்து மச்சாக்கோஸ் வரைக்கும் பதிவுச் சான்றிதழ் உள்ள சைகை மொழிபெயர்ப்பாளர் அவள் ஒருத்திதான். பிரசவ அறை, போலீஸ் ஸ்டேஷன், கல்யாணம், சாவு என்று காது கேளாதவர்கள் போய் நிற்கிற இடமெல்லாம் அவளும் போய் நிற்க வேண்டியிருந்தது. அப்பா இறந்த பிறகு அவர்கள்தான் அவளுக்கு உறவு என்று ஆனார்கள்.

ஆத்தி ரிவரில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற ஆலை ஒன்று இருந்தது. அதன் மூன்றாம் வரிசையில் தைக்கிற பதினொரு பேருக்கும் காது கேட்காது. இவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் அரட்டை இருக்காது என்று மேலாளர் கணக்குப் போட்டிருந்தார். ஆலையிலேயே அதிகம் அரட்டை அடித்தது அந்த வரிசைதான். ஒரு காலரை முடித்து இன்னொன்றை எடுப்பதற்குள் ஊர்க்கதை பாதி ஓடிவிடும்.

அந்த வரிசையில் மூத்தவள் மும்புவா. நாற்பத்தாறு வயது, விதவை. இருபது வருஷமாகக் காலர் தைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, கதியானியில் கால் ஏக்கர் நிலம் வாங்கியிருந்தாள். இளையவன் கியெங்கோ. வாய் நிறையச் சிரிப்பும் தலை நிறையத் திட்டமுமாகத் திரிகிறவன். ஆலையை விட்டுப் போய்ப் பள்ளிச் சீருடைக் கடை வைக்கப் போகிறேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆலைத் தொழிலாளிகள் பணம் போட்டு வைத்திருந்த சேமிப்புச் சங்கம் அவனுக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம் ஷில்லிங் கடன் கொடுக்கச் சம்மதித்தது. ஐந்து பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. மும்புவா, முசெம்பி, இன்னும் மூன்று பேர் நிற்பதாகச் சொன்னார்கள்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு அறையில் கூட்டம். சங்கத்திலிருந்து சிமியு என்கிற அதிகாரி வந்திருந்தார். இஸ்திரி கலையாத கோட்டு, கையில் இங்கிலீஷில் அச்சடித்த எட்டுப் பக்கம். பக்கத்தில் மேலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வவின்யா எதிரே ஒரு முக்காலியில் ஏறி நின்றாள். அரை நாள் வேலைக்கு அவளுக்கு இரண்டாயிரம் ஷில்லிங். அதை ஆலைதான் கொடுத்தது.

அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பணக்காரர்களின் காகிதத்தில் அதே வார்த்தை வேறு ஆளாக வந்து நிற்கும். 'ஷேர்' என்றால் ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பது. இங்கே அது சங்கத்துப் பானையில் உன் பேரில் கிடக்கிற காசு. 'இன்ட்ரஸ்ட்' என்றால் ஆசை. பள்ளிக்கூடத்துச் சைகையை அப்படியே காட்டினால், சங்கத்துக்குக் கியெங்கோ மேல் வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் ஆசை என்று ஆகிவிடும். அவள் சிமியுவை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காசு குட்டி போடுவதாகக் காட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

'செக்யூரிட்டி' வந்தபோது முசெம்பி விடவில்லை. அவன் வரிசையின் கோமாளி.

"செக்யூரிட்டின்னா கேட்ல நிக்கிறானே, அந்த ஒட்டடைக் குச்சியா? அவனையா அடகு வைக்கணும்? பத்து ஷில்லிங் கூடத் தேறாதே!"

பதினொரு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். வவின்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடனுக்கு ஈடாகப் பிடித்து வைக்கிற பொருள் என்று விளக்கினாள். கடனை முழுசாகத் திருப்ப வேண்டிய, 'மெச்சூர்' ஆகிற தேதி என்று சிமியு படித்ததும் முசெம்பி மறுபடி கையைத் தூக்கினான். "கடனுக்கு மீசை முளைக்குமா?"

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிமியு பல் தெரியச் சிரித்து வவின்யாவிடம் கேட்டார். "மேடம், நீங்க காலேஜ் முடிச்சவங்கதானே?"

அவள் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். "முடிச்சிருக்கேன்" என்று தலையை ஆட்டிவைத்தாள். காது சுட்டது.

அதற்கடுத்த பக்கத்தில்தான் அந்த வாக்கியம் இருந்தது. ஜாமீன் நிற்கிறவர்கள் கடனுக்கு 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' பொறுப்பு. சிமியு மூச்சு விடாமல் படித்துக்கொண்டு போனார். ஜாயின்ட் என்றால் சேர்ந்து. செவரல் என்றால் பல. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வால்போல ஒட்டிக்கொண்டிருந்த அந்த 'லி' மட்டும் மீன் முள் மாதிரி ஒரு கணம் தொண்டையில் நின்றது. கேட்கலாமா என்று வாயைத் திறந்தாள். கேட்டால் நாலாவது தடவை. மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். முள்ளை விழுங்கிவிட்டாள்.

இரண்டு கையையும் கோத்துக் காட்டினாள்: சேர்ந்து. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்: பல பேர். பிறகு ஒரு மூட்டையைப் பல தோள்களில் ஏற்றிக் காட்டினாள்.

மும்புவா கையைத் தூக்கினாள். "அவன் கட்டலேன்னா?"

வவின்யா கேள்வியைச் சிமியுவிடம் சொன்னாள். "அதான் படிச்சேனே" என்றார் அவர், பேனா மூடியைத் திறந்துகொண்டே. "ஜாயின்ட்லி அண்ட் செவரலி."

வவின்யா அதே சைகையை இன்னொரு முறை காட்டினாள். மும்புவா விரல் விட்டு எண்ணினாள். "நாலு எண்பதை அஞ்சாப் போட்டா ஆளுக்குத் தொண்ணூத்தாறு. என் அஞ்சு மாசச் சம்பளம். நீ ஓடிப்போனாலும் நான் செத்துட மாட்டேன்டா" என்று கியெங்கோவின் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். உங்களுக்குச் சொத்து உண்டா என்ற கட்டத்தில் மற்ற நாலு பேர் கோடு கிழித்தார்கள். அவள் மட்டும் கதியானி நிலத்தின் எண்ணை, பத்திரத்தைப் பார்க்காமலேயே, ஒவ்வோர் இலக்கமாக அழுத்தி எழுதினாள். அவள் முகத்தில் அப்போது இருந்த பெருமையை வவின்யா பார்த்தாள். கியெங்கோ எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தான்.

*

கியெங்கோ கெட்டவன் இல்லை. ஒன்பது மாதம் ஒழுங்காக வட்டி கட்டினான். பிறகு இரண்டு பள்ளிக்கூடங்கள் நானூறு சீருடை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுத்தடித்தன. அவன் போய் நின்றால், 'உன் பேச்சு எங்களுக்குப் புரியலை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு முறை வவின்யா கூடப் போனாள். அன்றைக்குத் தலைமை ஆசிரியர் ஊரில் இல்லை என்றார்கள். கியெங்கோ முதலில் ஒரு இயந்திரத்தை விற்றான், பிறகு எல்லாவற்றையும். கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டுத் தான்சானியாப் பக்கம் போய்விட்டான் என்று பேச்சு. போன் அணைந்தது அணைந்ததுதான்.

இதற்குள் ஆலையும் பாதி ஆளைக் குறைத்திருந்தது. ஜாமீன் நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் வேலை போய்ச் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வரிசையில் மிச்சம் இருந்தது மும்புவாவும் முசெம்பியும், இன்னும் இரண்டு பேரும்.

மும்புவாவுக்குக் கடிதம் வந்தது. வட்டியும் அபராதமுமாக ஐந்து லட்சத்து முப்பதாயிரம். முப்பது நாளில் கட்ட வேண்டும். அவள் அதை எடுத்துக்கொண்டு வவின்யாவின் அறைக்கு வந்தாள்.

"இதுல என் பேர் மட்டும் இருக்கு. மத்தவங்களுக்கும் வந்திருக்கா?"

"முசெம்பிக்கு வரலைக்கா."

"அப்ப தப்பாப் போட்டிருக்காங்க. அஞ்சுல ஒண்ணுதானே எனக்கு?"

"தப்பாத்தான் இருக்கும். வாங்க, போய்க் கேப்போம்."

மறுநாள் இருவரும் மட்டாட்டு வேன் பிடித்து நைரோபி போனார்கள். சங்கத்தின் அலுவலகத்தில் சிமியு இல்லை. வேறு எங்கோ மாற்றலாகிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் இருந்தாள். முகம் சுளிக்காதவள். இருவருக்கும் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, கடன் ஃபைலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"தப்பு ஒண்ணும் இல்லையே மேடம். ஜாயின்ட்லி அண்ட் செவரலின்னு இருக்கு பாருங்க."

"அதான் கேக்கறேன்" என்றாள் வவின்யா. "பல பேர் சேர்ந்துதானே?"

"இல்ல மேடம். செவரலின்னா பல பேர் இல்ல. தனித்தனியா. அஞ்சு பேர்ல ஒவ்வொருத்தரும் மொத்தக் கடனுக்கும் பொறுப்பு. யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்ட முழுசையும் வாங்கலாம். மத்த நாலு பேர்கிட்ட எடுக்க ஒண்ணுமில்ல. இவங்களுக்கு நிலம் இருக்கு, இவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க." கொஞ்சம் யோசித்து, ஆறுதல் போலச் சேர்த்தாள். "கட்டின பிறகு இவங்க மத்தவங்ககிட்டக் கேட்டு வசூல் பண்ணிக்கலாம். அந்த உரிமை இவங்களுக்கு உண்டு."

பக்கத்தில் மும்புவா வவின்யாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்த்துச் சொல்ல வந்தவள் நிறுத்திக்கொள்ள முடியாது. சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு விரலைத் தனியாக நிறுத்தினாள். முழு மூட்டையையும் அந்த ஒற்றை விரல்மேல் இறக்கினாள்.

மும்புவா தன் இரண்டு கையையும் மெதுவாகக் கோத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். ஒரு மூட்டையைப் பல தோள்களில் ஏற்றினாள்.

"அன்னிக்கு நீ இதைத்தானே காட்டினே?"

"ஆமாக்கா."

"இப்ப வேற ஒண்ணைக் காட்டறே."

"ஆமா."

"ரெண்டும் ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தைதான்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "அவங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். புரிந்துவிட்டது என்றாள் வவின்யா. திரும்பி வரும்போது மட்டாட்டில் மும்புவா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டவரிடம் எந்தக் கையாலும் பேச முடியாது.

*

சங்கம் தீர்ப்பாயத்துக்குப் போனது. விசாரணை மச்சாக்கோஸில். தேதி வந்ததும் முசெம்பி, சர்ச் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வவின்யாவைத் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். போனால் மும்புவாவும் வரிசையின் மற்ற இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். முசெம்பியின் மனைவிக்கும் காது கேட்காது. ஏழு மாதக் கர்ப்பம். குத்திய சோளமும் பயறும் போட்ட முதோகோயைத் தட்டுத் தட்டாக வைத்துவிட்டு அவளும் சுவரோரம் உட்கார்ந்தாள். முசெம்பி அன்றைக்குக் கோமாளித்தனம் ஒன்றும் செய்யவில்லை.

"நாங்க பேசி வெச்சுட்டோம்" என்றான். "அங்க போய் நீ தப்பாச் சொன்னேன்னு ஒத்துக்காதே."

"ஏன்?" என்றாள் வவின்யா. "நான்தானே தப்பாச் சொன்னேன்? அதைச் சொன்னா அக்காவோட கையெழுத்து செல்லாதுன்னு ஆகலாம்."

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். ஆனா உன் சான்றிதழ் போறது மட்டும் நிச்சயம். போன வருஷம் நீ அம்மைல படுத்திருந்தப்ப, காது கேக்காத என் தம்பியைத் திருட்டுக் கேஸ்ல பிடிச்சுட்டுப் போனாங்க. பதினேழு நாள் உள்ள இருந்தான். எதுக்குப் பிடிச்சாங்கன்னே அவனுக்குத் தெரியாது." மனைவியின் வயிற்றைக் காட்டினான். "இவளுக்கு இன்னும் ரெண்டு மாசம். நீ போயிட்டா எங்க அத்தனை பேருக்கும் வாய் போச்சு."

வவின்யா மும்புவாவைப் பார்த்தாள். "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க? உங்க நிலம்."

மும்புவா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "என் நிலம்தான். அதனால நான் சொல்றேன். நீ வாயை மூடிக்கிட்டு என் பேச்சை மட்டும் பெயர்த்துச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேப்பேன். தவணை கேப்பேன். அழுவேன். எனக்கு அழத் தெரியாதா?"

வவின்யா தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

*

தீர்ப்பாயம் என்றால் ஒரு சாதாரண அறைதான். மூன்று பேர் மேசைக்குப் பின்னால். நடுவில் தலைவர், கண்ணாடி போட்ட வயதான அம்மாள். மும்புவாவுக்கு வக்கீல் இல்லை. வவின்யா இரண்டு தடவை சத்தியம் செய்தாள்: தனக்காக ஒன்று, பெயர்த்துச் சொல்வது உண்மையாக இருக்கும் என்று; மும்புவாவின் குரலாக இன்னொன்று. பெயர்த்துச் சொல்கிறவள் 'நான்' என்றால், அந்த 'நான்' மும்புவாதான். வவின்யா அந்த அறையில் இல்லாத மாதிரி. தொழிலின் முதல் பாடம் அது.

மும்புவா வட்டியைக் குறைக்கச் சொன்னாள். வவின்யா 'நான் ஒரு விதவை, காலர் தைக்கிறவள்' என்று குரலில் சொன்னாள். தவணை கேட்டாள். தலைவர் குறித்துக்கொண்டார். சங்கத்தின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"ஒப்பந்தத்தில் உள்ளதெல்லாம் அன்றைக்கு உங்களுக்குச் சைகை மொழியில் சொல்லப்பட்டதா? சரியாகச் சொல்லப்பட்டதா?"

வவின்யா கேள்வியைக் கையில் காட்டினாள். 'சரியாக' என்ற சைகையைப் பாதியில் நிறுத்தி மறுபடி காட்டினாள். மும்புவா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நிதானமாக, எல்லோரும் பார்க்கும்படி கையைப் பெரிதாக வீசிச் சொன்னாள்.

"இவ சரியாத்தான் சொன்னா. எனக்குத்தான் புரியலை. நான் மக்கு."

அறை காத்திருந்தது. இந்த வாக்கியத்தை வவின்யா தன் வாயால் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லலாம்; அந்த அறையில் யாருக்கும் தெரியாது. 'இவள் தப்பாகச் சொன்னாள்' என்று மும்புவாவின் பேச்சாகவே சொல்லிவிட்டால் நிலம் பிழைத்தாலும் பிழைக்கும். ஒரு தடவை தெரியாமல் மாற்றினோம், இந்தத் தடவை தெரிந்தே மாற்றுவதா?

"மொழிபெயர்ப்பாளர்?" என்றார் தலைவர்.

"மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் சொன்னாள்" என்றாள் வவின்யா. "எனக்குத்தான் புரியவில்லை. நான் மக்கு."

வக்கீல் உட்கார்ந்தார். தலைவர் பேனாவை எடுத்தார். அதற்குள் வவின்யா ஓரடி முன்னால் வந்தாள். "அம்மா, அது அவங்க பேச்சு. இப்ப நான் என் பேச்சைச் சொல்றேன். நான் சரியாச் சொல்லலை. செவரலின்னா பல பேர்னு நினைச்சுட்டேன். இவங்க கேட்டாங்க, கட்டலைன்னா என்ன ஆகும்னு. அப்பவும் தப்பாத்தான் சொன்னேன்." சொல்லிக்கொண்டே, வழக்கத்தால், கையும் அதையே காட்டிக்கொண்டு போனது. மும்புவா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

தலைவர் மேசையைத் தட்டினார். "நீங்க இங்க சாட்சியா, மொழிபெயர்ப்பாளரா? ரெண்டுமா இருக்க முடியாதும்மா. வெளியே போங்க." வழக்கை ஒரு மாதம் தள்ளி வைத்தார்.

அடுத்த முறை நைரோபியிலிருந்து ஓர் இளைஞன் மொழிபெயர்க்க வந்தான். நல்ல பையன்தான், ஆனால் அவன் சைகை நகரத்துச் சைகை. மும்புவா பல இடத்தில் திணறினாள். வவின்யா சாட்சிக் கூண்டில் நின்று நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க கல்லூரி முடிச்சவரா?"

"இல்லை."

"அன்றைக்கு அதிகாரி கேட்டபோது முடிச்சதாச் சொன்னீங்களா?"

"தலையை ஆட்டினேன்."

"உங்களை வேலைக்கு அழைத்தது யார்? சங்கமா?"

"ஆலை."

வக்கீல் திரும்பி மும்புவாவைப் பார்த்தார். "போன முறை சத்தியம் பண்ணி, சரியாகச் சொன்னாள் என்றீர்கள். இன்றைக்கு உங்கள் சிநேகிதி தப்பாகச் சொன்னேன் என்கிறார். எது பொய் அம்மா?"

மும்புவாவுக்கு அந்தக் கேள்வி இரண்டு தடவை காட்டப்பட்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பு ஒன்றரைப் பக்கம். கையெழுத்து அவளுடையது. மொழிபெயர்ப்பாளரைச் சங்கம் நியமிக்கவில்லை. அவளுடைய பிழைக்குச் சங்கம் பொறுப்பாகாது. பிரதிவாதி சத்தியம் பண்ணிச் சொன்னதை அவருடைய சாட்சியே மறுக்கிறார், அவர் சொல்வதை நம்புவதற்கில்லை. முதலில் கேட்ட தவணையைக்கூட அதனால் கொடுக்கவில்லை. கூட்டாகவும் தனித்தனியாகவும் என்ற சொற்களுக்குச் சட்டத்தில் உள்ள பொருள் தெளிவானது என்றும் ஒரு வரி இருந்தது.

*

முதல் விசாரணையிலிருந்து ஆறு வாரத்தில் வவின்யாவின் சான்றிதழ் ரத்தானது. முசெம்பியின் மனைவிக்கு வலி எடுத்தபோது வவின்யா ஆஸ்பத்திரி வாசல் வரை போனாள். சான்றிதழ் இல்லாதவரைப் பிரசவ அறைக்குள் விட முடியாது என்றார்கள். உள்ளே முசெம்பியின் மனைவியை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. தன்னை ஏன் அறுத்தார்கள் என்று மூன்று நாள் வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை. கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள் என்று நாலாம் நாள்தான், ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். அதன் பிறகு முசெம்பி வவின்யாவைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான்.

அவள் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலைக்குப் போனாள். மும்புவாவைப் பார்க்க நாலு தடவை போனாள். நாலு தடவையும் மும்புவா கதவைத் திறந்து, ஆளைப் பார்த்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நிலம் ஏலம் போனது. மச்சாக்கோஸ் கடைக்காரர் ஒருவர் எடுத்தார். கடன் போக மும்புவாவுக்குப் பதினோராயிரம் ஷில்லிங் திரும்பி வந்தது.

ஏலம் முடிந்த வாரம் வவின்யாவின் போனில் ஒரு செய்தி வந்தது. 'சனிக்கிழமை. கதியானி. தகரம் தூக்க ஆள் வேணும்.' அவ்வளவுதான்.

அவள் முதல் மட்டாட்டிலேயே போய்விட்டாள். மும்புவா கட்டத் தொடங்கி, சுவர் இடுப்புயரம் எழும்பிய இரண்டு அறை, அதன் நடுவே கூரைக்கென்று வாங்கி அடுக்கி வைத்த முப்பது தகரம். சுவர் கடைக்காரருக்குப் போய்விட்டது. தகரம் இன்னும் மும்புவாவுடையது. அதை விற்றால் மூன்று மாத வாடகை தேறும். கைவண்டி மேட்டுப் பாதையில் ஏறாது என்பதால் கீழே சாலையில் நிறுத்தியிருந்தாள்.

மும்புவா ஒரு முனையைப் பிடித்தாள், வவின்யா மறுமுனையை. இரண்டிரண்டு தகரமாகச் சுமந்து இறங்கினார்கள். இருவருக்கும் கை நிறைந்திருந்ததால் பேச வழியில்லை. வெயில் ஏறியது. தகரத்தின் விளிம்பு வவின்யாவின் உள்ளங்கையைக் கீறியது. ஏழாவது நடையில் மும்புவாவுக்கு மூச்சு வாங்கியது. பாதியில் தகரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக நிமிர்ந்து வவின்யாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அந்த அறையில பொய் சொன்னேன்ல? ஏன் சொன்னேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"பாதி நிலம் எப்படியும் போயிருக்கும். அது எனக்கு முதல்லயே தெரியும். தவணை கிடைச்சா சுவர் நிக்கிற பாதியையாவது காப்பாத்தலாம்னு பாத்தேன். நீயாவது மிச்சம் இருப்பேன்னு பாத்தேன். ரெண்டையும் நீ ஒரே மூச்சுல கெடுத்தே."

"மனசு கேக்கலைக்கா. உங்களுக்காகத்தான்..."

மும்புவா கையை வெட்டி அவளை நிறுத்தினாள். "எனக்காக இல்ல. நான் உன் கையைப் பிடிச்சேன், நீ நிறுத்தலை. உன் மனசு லேசாகணும், அதுக்காகச் சொன்னே. லேசாச்சா?"

வவின்யா கீறிய உள்ளங்கையைப் பார்த்தாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மும்புவா அதைப் பார்த்தாள். முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, குனிந்து, தகரத்தின் தன் பக்கத்து முனையைப் பிடித்துக்கொண்டு, வவின்யா மறுமுனையைத் தூக்குவதற்காகக் காத்து நின்றாள்.